பெட்டியில் போட்ட தமிழ் போய்ச் சேரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். வேலந்தாவளம், ஒழலப்பதி, எருத்தேன்பதி, வடகரப்பதி என்று சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் வருவார்கள். பலர் வீட்டில் பேசுவது தமிழ். பேங்குக்குப் புகார், வாய்க்கால் தண்ணீருக்கு மனு, பள்ளிக்கூடத்துக்குத் தமிழ் வாத்தியார் கேட்டு விண்ணப்பம், பத்திரிகைக்கு ஆசிரியர் கடிதம் என எதுவானாலும் இன்றைக்கு யாரோ ஒருவருடைய தளத்தில் இருக்கும் ஒரு பெட்டிக்குள் எழுதிப் போட வேண்டியிருக்கிறது. பெட்டி நம்முடையதல்ல. அதற்குள் போன எழுத்து அந்தப் பக்கம் எப்படித் திறக்கிறது என்று நமக்குத் தெரிவதுமில்லை.

1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசோடும், சிறுபான்மைப் பகுதியில் உள்ள அரசு அலுவலகங்களோடும் தமிழிலேயே எழுத்துப் போக்குவரத்து நடத்தலாம், பதிலையும் தமிழில் பெறலாம் என்கிறது. அரசியலமைப்பின் 350-ஆம் பிரிவும், குறை தீர்க்கக் கேட்டு எழுதும் மனுவை ஒன்றியத்திலோ அந்த மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் கொடுக்கலாம் என்று சொல்கிறது. அப்படிக் கொடுத்த தமிழ் அலுவலகத் திரையில் கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வந்து நின்றால், சட்டம் தந்த உரிமை அந்த மேசையிலேயே முடங்கிப்போகிறது. "தமிழ்ல போட்டா வராதுங்க, இங்கிலீசுலயே போட்டுருங்க" என்று சொல்லிச் சொல்லியே நம் ஆட்களைப் பழக்கிவிட்டார்கள். எனக்கு அதில் ஆறாத வருத்தம் உண்டு. எங்கே கெடுகிறது என்று தெரிந்துகொண்டால் பெரும்பாலும் தமிழையே கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். கடையில் நான் பார்த்த அறிகுறிகளை, பார்த்த வரிசையில் கீழே எழுதியிருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போய்விடுங்கள்.

"எல்லாம் அடிச்சு அனுப்பினேன், பக்கம் வெள்ளையாயிருச்சு"

எருத்தேன்பதிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். தென்னந்தோப்புக்காரர். வாய்க்கால் தண்ணீர் கடைசி வயல் வரைக்கும் வருவதில்லை என்று அவர் சொல்லச் சொல்ல நான் அடித்துக்கொண்டே வந்தேன். எந்த வருஷம் எந்த மதகு அடைத்தது, யார் வந்து பார்த்தார்கள், எத்தனை மரம் காய்ப்பு நின்றது என்று எல்லாம் நினைவிலிருந்து சொன்னார். முக்கால் மணி நேரம் ஆனது. அனுப்பும் பொத்தானை அழுத்தினேன். உள்நுழைவு நேரம் முடிந்துவிட்டது என்று ஒரு வரி வந்தது. பெட்டி காலி. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏனுங்க கண்ணு, நாஞ் சொன்னதெல்லாம் எங்க போச்சு?" என்றார். பதில் சொல்ல வாய் வரவில்லை. இரண்டாம் முறை அவர் சொன்னபோது பாதி விவரம் விட்டுப்போனது. முதல்முறை சொன்ன அந்த ஓட்டம் திரும்ப வரவேயில்லை.

காரணம் எளிது. உள்நுழைந்து எழுதும் தளங்கள் பல, கொஞ்ச நேரம் அசைவில்லாமல் இருந்தால் ஆள் போய்விட்டார் என்று எடுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் நாம் எழுத்து அடிப்பது பெரும்பாலும் அதன் கணக்கில் அசைவே இல்லை. எழுதுவது நம் திரையில் மட்டும் நடக்கிறது. அனுப்பும் பொத்தானை அழுத்தும்வரை அந்தப் பக்கத்துக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

வெள்ளையான பிறகு செய்ய வேண்டியது: சன்னலை மூடாதீர்கள். பின்னால் போகும் அம்புக்குறியை ஒரு தடவை மட்டும் அழுத்துங்கள். குரோம், பயர்பாக்ஸ் இரண்டும் பல நேரம் எழுதியதைப் பெட்டிக்குள் அப்படியே வைத்திருக்கும். வைத்திருந்தால் உடனே கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி அழுத்தி எடுத்து நோட்பேடில் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு மறுபடி உள்ளே போங்கள். "படிவத்தை மீண்டும் அனுப்பவா?" என்று உலாவி கேட்டால் அவசரப்பட்டு ஆம் என்று சொல்லிவிடக் கூடாது. முதல் தடவை அனுப்பியது போய்விட்டிருந்தால் ஒரே மனு இரண்டாகப் பதியும். இரண்டில் ஒன்றைத் தள்ளுபடி செய்யும்போது எதைத் தள்ளுவார்கள் என்பது நம் கையில் இல்லை. முதலில் போனில் பதிவு எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தப் பெரியவர் வந்துபோன நாளிலிருந்து நான் எந்தப் பெட்டிக்குள்ளும் நேராக எழுதுவதில்லை. நோட்பேடில் எழுதி, மனுக்காரர் பெயரில் சேமித்து, அவருக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டி, அதற்குப் பிறகுதான் தளத்தைத் திறப்பேன். போனில் செய்கிறவர்கள் குறிப்பு எழுதும் செயலியில் எழுதலாம், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் தனக்குத்தானே அனுப்பி வைக்கலாம்.

ஓடிபி வரவில்லை, வந்தாலும் நேரம் தாண்டி வருகிறது

எல்லைக் கிராமங்களில் போன் ஒரு நேரம் கேரளத்து டவரையும் ஒரு நேரம் தமிழ்நாட்டு டவரையும் பிடிக்கும். தாவிக்கொண்டிருக்கும் நேரத்தில் குறுஞ்செய்தி தங்கிவிடும். போன் அமைப்பில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து கைமுறைக்கு மாற்றி, உங்கள் சிம் எந்த மாநிலமோ அந்த டவரைப் பிடித்து வையுங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் தானியங்கிக்கே திருப்பிவிடுங்கள், இல்லையென்றால் கோயம்புத்தூர் போய் இறங்கியதும் சிக்னல் இல்லாமல் நிற்பீர்கள்.

படத்தில் இருக்கும் எழுத்தைச் சரியாகத்தான் அடிக்கிறேன், தப்பு தப்பு என்கிறது

பத்துக்கு ஏழு பேருக்கு இதில் சிக்கல் விசைப்பலகைதான். மனுவைத் தமிழில் அடித்து முடித்த கையோடு, விசைப்பலகை தமிழிலேயே இருக்க, சரிபார்ப்புக் கட்டத்துக்கு வந்துவிடுகிறோம். ஆங்கில எழுத்து அடித்ததாக நினைத்து அடிப்பது தமிழாக விழுகிறது. சில தளங்கள் அங்கே அடிப்பதைப் புள்ளியாக மறைத்துக் காட்டுவதால் கண்ணுக்கும் தெரியாது. விண்டோஸ் பொத்தானும் இடைவெளிப் பொத்தானும் சேர்த்து அழுத்தினால் விசைப்பலகை மாறும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தையும் கவனியுங்கள்.

இன்னொரு காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. மலையாளப் பக்கத்தை உலாவி தானாக மொழிபெயர்த்துக் காட்டும்படி வைத்திருந்தால் படிவம் கோணிக்கொள்ளும். அனுப்பும் பொத்தான் வேலை செய்யாது, கீழ்விழும் பட்டியலில் மாவட்டத்தின் பெயர் வேறெதோ சொல்லாக மாறி நிற்கும். படித்துப் புரிந்துகொள்ள மொழிபெயர்ப்பை வையுங்கள். நிரப்பும்போது அணைத்துவிட்டு, பக்கத்தைப் புதிதாகத் திறந்து நிரப்புங்கள்.

விசைப்பலகை பற்றிச் சொல்லும்போதே இதையும் சொல்லிவிடுகிறேன். கேரளத்தில் கம்ப்யூட்டர் படித்த நம் பிள்ளைகள் பலருக்கு மலையாள இன்ஸ்கிரிப்ட் தெரியும், இந்திய மொழிகளுக்குப் பொதுவான விசைப்பலகை அமைப்பு அது. தமிழ் இன்ஸ்கிரிப்டும் அதே இடங்களில்தான் இருக்கிறது. மலையாளத்துக் க எந்த விசையோ தமிழ் க-வும் அதே விசை. அதனால் அவர்கள் தனியாக எதையும் கற்க வேண்டியதில்லை, மொழியை மட்டும் மாற்றினால் போதும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குத் தமிழ் 99-ஐச் சொல்வேன். 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி வந்த அமைப்பு அது. உயிரெழுத்து இடது கையில், மெய்யெழுத்து வலது கையில். க-வை இரண்டு தடவை தட்டினால் க்க என்று புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும்.

எழுத்தெல்லாம் வெறும் கட்டம் கட்டமாக இருக்கிறது

இதற்குப் பயப்பட வேண்டாம். எழுத்து உள்ளே பத்திரமாக இருக்கிறது. அதை வரைந்து காட்ட அந்த இயந்திரத்தில் தமிழ் எழுத்துரு இல்லை, அவ்வளவே. விண்டோஸ் 2000-லிருந்து லதா எழுத்துருவும், விண்டோஸ் 8-லிருந்து நிர்மலா எழுத்துருவும் கூடவே வருவதால் இந்தக் காலத்தில் இது குறைந்துவிட்டது. பழைய போனிலும் சில லினக்ஸ் இயந்திரங்களிலும் இன்னும் பார்க்கலாம். கூகுளின் நோட்டோ தமிழ் எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும். அலுவலகத்தில் "கட்டமா வருது" என்று சொன்னால், அந்த எழுத்தை அப்படியே எடுத்து வேறு கம்ப்யூட்டரில் ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மறுபடி எழுதித் தரத் தேவையில்லை.

தலையில் கோடு போட்ட ஆங்கில எழுத்தாக வந்து நிற்கிறது

கடைக்கு வரும் அச்சுத்தாள்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான். தாளை உற்றுப் பாருங்கள். ஆங்கிலச் சிறிய ஏ, அதன் தலையில் சாய்ந்த ஒரு கோடு. அதற்கு அடுத்து வட்டத்துக்குள் ஆர், கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் போடுகிற அந்த முத்திரை. பிறகு என்னவோ ஒரு குறி. திரும்பவும் கோடு போட்ட ஏ, வட்டத்துக்குள் ஆர். ஒரு பக்கம் முழுக்க இப்படியே போகும்.

இது குப்பை அல்ல, நீங்கள் எழுதிய தமிழேதான். யூனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுத்து வைத்திருக்கும் பொது அட்டவணை. அதில் தமிழுக்கென்று ஒதுக்கிய இடத்தில் உள்ள ஒவ்வொரு குறியையும், யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறை மூன்று பைட்டாக, அதாவது மூன்று சிறு துண்டாகச் சேமிக்கிறது. முதல் பைட்டு எல்லாத் தமிழ்க் குறிக்கும் ஒன்றே. இரண்டாவது பைட்டு இரண்டில் ஒன்று. திறக்கிறவரின் மென்பொருள் அதை மூன்று பைட்டாகச் சேர்த்துப் படிக்காமல், ஒவ்வொரு பைட்டையும் ஒரு ஐரோப்பிய எழுத்தாகப் படித்துவிடுகிறது. அதனால்தான் கோடு போட்ட ஏ-யும், வட்டத்துக்குள் ஆரும் மாறி மாறி வருகின்றன. சில இடங்களில் ஆருக்குப் பதில் மேலே ஒரு படுக்கைக் கோடு மட்டும் இருக்கும். அது அந்த இன்னொரு பைட்டு.

எல்லையில் இருக்கிற நமக்கு இதில் ஒரு பயன் உண்டு. மலையாளம் இப்படிக் கெட்டால் ஏ-க்கு அடுத்து வட்ட ஆர் வராது, காற்றில் தொங்கும் ஒரு சின்னச் சாய்கோடோ மைக்ரோ குறியோ வரும். தெலுங்கு கெட்டால் வெப்பநிலைக்குப் போடும் டிகிரி வட்டமோ, கூட்டல் கழித்தல் சேர்ந்த குறியோ வரும். சித்தூர், குப்பம் பக்கத்து ஆந்திரத் தமிழர்களும் அலுவலகத் தாளைப் பார்த்த உடனே, கெட்டது தன் தமிழா அலுவலகத்தின் தெலுங்கா என்று சொல்லிவிடலாம். எது கெட்டது என்று தெரிந்தால், யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

சரிசெய்யும் வழி: எக்செல்லில் இப்படி வந்தால் கோப்பை இரட்டைத் தட்டுத் தட்டித் திறக்காதீர்கள். வெற்று எக்செல்லைத் திறந்து, டேட்டா பகுதிக்குப் போய், உரைக் கோப்பிலிருந்து எடுக்கும் வசதியைத் தேர்ந்து, கோப்பின் மூலம் எது என்று கேட்கும் இடத்தில் 65001 யூனிகோடு யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுங்கள். முன்பார்வையிலேயே தமிழ் வந்து நிற்கும். வலைப்பக்கத்தில் வந்தால் பயர்பாக்ஸின் பார்வைப் பட்டியலில் எழுத்துக் குறியீட்டைச் சரிசெய்யும் வரி இருக்கிறது, அதை அழுத்திப் பாருங்கள். அலுவலக ஊழியரிடம் பொறுமையாக இந்த 65001 எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். நான் அப்படி எழுதிக் கொடுத்த ஒரு தாள், ஒரு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இன்னும் இருக்கிறது.

முழுக்கக் கேள்விக்குறி

மேலே சொன்னதையும் இதையும் ஒன்றென்று நினைத்துவிடக் கூடாது. கட்டமும் கோடு போட்ட ஏ-யும் நோய் என்றால், கேள்விக்குறி சாவு. வாங்கிய தளத்தின் தரவுத்தளம் தமிழுக்கு இடமில்லாத பழைய ஐரோப்பிய அட்டவணையில் அமைக்கப்பட்டிருக்கிறது. தனக்குத் தெரியாத ஒவ்வொரு குறியையும் எடுத்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறியைச் சேமித்துவிட்டது. திரும்பக் கொண்டுவர எந்த மென்பொருளாலும் முடியாது.

எண்ணிப் பார்த்தால் தெரியும். தண்ணீர் என்று எழுதியிருந்தால் ஏழு கேள்விக்குறி இருக்கும். த, ண, புள்ளி, ண, ஈகாரக் குறி, ர, புள்ளி. நாம் நான்கு எழுத்து என்று படிப்பது அந்தப் பக்கம் ஏழு ஓட்டையாக நிற்கிறது.

இப்படி நடந்தால் அதே பெட்டியில் மறுபடி போட்டுப் பயனில்லை. மனுவைப் பிடிஎஃப் ஆக மாற்றி இணைப்பாகச் சேருங்கள். பெட்டிக்குள் எண்ணும் சுருக்கமான ஆங்கிலமுமாக ஒரே வரி: இணைப்பைப் பார்க்கவும், தமிழ் மனு, இத்தனை பக்கம். அந்தத் தளம் மலையாளத்தை மட்டும் சரியாக வாங்குகிறதென்றால் சிக்கல் தமிழுக்கு மட்டுமானது. அதை அலுவலகத்துக்குத் தனியாக எழுத்தில் தெரிவியுங்கள். இந்தச் சிக்கலை யாரும் சொல்லாமல் விடுவதால்தான் அது வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கிறது. ஒரு அலுவலகத்துக்கு நான் மூன்று முறை எழுதினேன், மூன்றாவது முறை சரிசெய்தார்கள்.

ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி

யாராவது அனுப்பிய வேர்டு கோப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் தமிழ் முழுவதும் சாதாரண ஆங்கில எழுத்தாக, அர்த்தமில்லாமல் வந்து விழுகிறதா? மேலே தலைப்பில் எழுதியிருக்கும் ஐந்து விசையும் பாமினி எழுத்துருவில் தமிழ் என்ற சொல். அந்தக் கோப்பில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துத்தான். பாமினி எழுத்துரு அதன் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. பெட்டியில் ஒட்டும்போது போர்வை விலகி உள்ளே இருப்பது தெரிகிறது.

பழைய கல்யாணப் பத்திரிகை, சங்கத் தீர்மானம், கோயில் நோட்டீஸ் எல்லாம் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் இந்த வகை எழுத்துருக்களில் அடித்தவை. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடை ஏற்றது, அதற்குப் பிறகும் அச்சுக் கடைகளில் பழையது தொடர்கிறது. பாமினி, வானவில், டாப், டாம், டிஸ்கி என்று ஒவ்வொன்றுக்கும் எழுத்து அடுக்கு வேறு. எழுத்துருமாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்த எழுத்துரு என்பதை வேர்டில் அந்த எழுத்தின் மேல் கர்சரை வைத்துப் பார்த்துவிட்டு அதையே தேர்ந்தெடுங்கள்.

மாற்றிய பிறகு கண்ணை நம்பாமல் வாசித்துப் பாருங்கள். நடுவில் இருந்த உண்மையான ஆங்கிலச் சொற்களையும் மாற்றி தமிழாக்கிவிடும், ஒரு மின்னஞ்சல் முகவரி அர்த்தமில்லாத தமிழாகிக் கிடக்கும். ஸ்ரீ, ஜ, ஷ வரும் இடங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். சர்வே எண்ணையும் தேதியையும் மூலத்தோடு ஒப்பிட்டு ஒருவர் படிக்க மற்றவர் சரிபார்க்க வேண்டும்.

நீளம் அதிகம் என்கிறது, நான் எழுதியதோ கொஞ்சம்

"வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை" என்ற வரியை நாம் எண்ணினால் 15 எழுத்து. கம்ப்யூட்டர் எண்ணினால் 27 குறி, இடைவெளி இரண்டும் சேர்த்து 29. சில தளங்கள் குறியைக் கூட எண்ணுவதில்லை, பைட்டை எண்ணுகின்றன. அந்தக் கணக்கில் இதே வரி 83. அதனால் 500 என்று எல்லை போட்டிருந்தால் 250 எழுத்துக்குள் மனுவை முடிக்கப் பாருங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லையென்றால் அது பைட்டை எண்ணும் தளம், 90 எழுத்தோடு நிறுத்த வேண்டும். குறுஞ்செய்தியிலும் இதே கதை. ஆங்கிலத்துக்கு 160 இடம் உள்ள ஒரு செய்தியில் தமிழுக்கு 70 தான். மேலே உள்ள வரியை இரண்டு தடவை எழுதலாம், மூன்றாவது முறைக்கு இடமில்லை.

இடம் குறைந்தால் முதலில் போக வேண்டியது மரியாதை வரிகள். "மாண்புமிகு ஐயா அவர்களின் மேலான கவனத்துக்கு" என்று நம் பெரியவர்கள் தொடங்குவது அழகுதான், அதை இணைப்பில் வைத்துக்கொள்ளலாம். பெட்டிக்குள் இடம், தேதி, நடந்தது, வேண்டியது இந்த நான்கும் போதும்.

பெயர் பொருந்தவில்லை, தேடினால் என் மனுவே கிடைக்கவில்லை

இது பொல்லாத சிக்கல், ஏனென்றால் திரையில் எந்தக் குறையும் தெரியாது. கொ என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வும் ஒகரக் குறியும் சேர்ந்து இரண்டு குறியாக ஒரு விதம். ஒற்றைக் கொம்பு, க, கால் என்று நாம் கையால் எழுதும் மூன்று துண்டில், கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாக வைப்பது மற்றொரு விதம். பார்வைக்கு அச்சு அசலாக ஒன்று. நல்ல தளங்கள் இரண்டையும் சமமாக எடுத்துக்கொள்ளும், எல்லாத் தளமும் நல்ல தளம் இல்லை. கொழிஞ்சாம்பாறை என்ற ஊர்ப்பெயரே ஒரு தளத்தில் இரண்டு ஊராகப் பதிந்து கிடந்ததைப் பார்த்தேன். பாதி மனு ஒன்றில், பாதி மனு மற்றதில்.

சோதிக்க ஒரு வழி உண்டு. கர்சரை கொ-வுக்குப் பின்னால் வைத்து அழிக்கும் பொத்தானை ஒரே ஒரு தடவை தட்டுங்கள். க மட்டும் மிஞ்சினால் சரியாக இருக்கிறது. கெ மிஞ்சினால் பிரித்துச் சேமித்திருக்கிறது. அழித்துவிட்டு கையால் புதிதாக அடியுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னும் சில. ஔவையார் என்பதை ஒ, ள என்று இரண்டாக அடித்திருப்பார்கள். கால் குறி இருக்க வேண்டிய இடத்தில் ர உட்கார்ந்திருக்கும், ஸ்கேன் செய்து எடுத்த எழுத்தில் இது அதிகம். தமிழ் எண் ௧ இருக்கும் இடத்தில் க இருக்கும். வேறெங்கிருந்தோ நகலெடுத்த பெயரில் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒட்டிக்கொண்டு வரும், மலையாளப் பக்கத்திலிருந்து எடுத்ததில் முக்கியமாக. "தவறான எழுத்து உள்ளது" என்று தளம் சொல்லி, நமக்கோ எழுத்து எல்லாம் சரியாகத் தெரிந்தால் இதுதான் காரணம். நகலெடுக்காமல் அடிப்பதைத் தவிர நம்பகமான மருந்து கிடையாது.

ஊர் மாறிப்போவது தனி. பாலக்காட்டிலும் ஒரு சித்தூர், ஆந்திரத்திலும் ஒரு சித்தூர். பட்டியலில் அவசரமாகத் தொட்டால் எல்லை தாண்டிவிடும். அஞ்சல் குறியீட்டைப் பாருங்கள், நம்முடையது 678-ல் தொடங்கும், ஆந்திரத்தது 517-ல்.

தமிழிலிருந்து மலையாளத்துக்குப் பெயரைத் தானாக எழுத்துப்பெயர்க்கும் வசதி உள்ள தளங்களில் இன்னும் கவனம் வேண்டும். தமிழில் க ஒன்றுதான், மலையாளத்தில் அந்த வரிசையில் நான்கு. கோபால் என்று தமிழில் கொடுத்தால் இயந்திரம் முதல் க-வைப் பிடித்துக்கொள்ளும், ஒலி மாறிவிடும். ரேஷன் கார்டில் மலையாளத்தில் எப்படி இருக்கிறதோ அதைப் பார்த்துக் கையால் திருத்துங்கள். பென்ஷன் நின்றுபோகும் அளவுக்கு இந்த ஒரு எழுத்து கொண்டுபோய்விடும். ஒரு அம்மா ஏழு மாதம் அலைந்தார், கடைசியில் காரணம் பகவதி என்ற பெயரில் இருந்த க.

போய்விட்டது, ஆனால் ஒரு சத்தமும் இல்லை

அனுப்பியதும் வரும் பதிவு எண்ணைப் போனில் படமெடுத்து வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதே தளத்தில் நிலை பார்க்கும் இடத்தில் போட்டு, மனுவின் உரையைத் திறந்து பாருங்கள். நிலை என்ன என்பதைவிட, நம் தமிழ் அங்கே தமிழாகவே தெரிகிறதா என்பதைப் பார்க்கத்தான் முதலில் திறக்க வேண்டும். தெரிந்தால் காத்திருக்கலாம். பதிவு எண்ணே வரவில்லையென்றால் அனுப்பப்படவில்லை என்றே எடுத்துக்கொண்டு, சேமித்த உரையை மறுநாள் காலையில் மறுபடி போடுங்கள். நள்ளிரவிலும் கடைசித் தேதி அன்றும் போடுவது வேண்டாம்.

நிறைய நாள் ஆகியும் அசைவில்லையென்றால் அதே உரையை அச்செடுத்து, பதிவு எண்ணை மேலே எழுதி, ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை மனுவோடு பின் அடித்து வையுங்கள்.

பதில் மலையாளத்தில் வந்தால் பலர் பக்கத்து வீட்டில் படித்துக் கேட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். விட வேண்டாம். மனுவின் முதல் வரியிலேயே "1969-ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டத்தின்படி பதிலைத் தமிழில் தரக் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுங்கள். அதை நான் நோட்பேடில் ஒரு வரியாகச் சேமித்து வைத்திருக்கிறேன், ஒவ்வொரு மனுவின் தலையிலும் ஒட்டிவிடுவேன். எருத்தேன்பதிப் பெரியவரின் இரண்டாவது மனுவிலும் அது இருந்தது. தமிழில் ஒரு பக்கம் பதில் வந்தது. மதகு பார்க்க ஆள் வரும் தேதி அதில் இருந்தது. கடைக்குக் கொண்டுவந்து என்னிடம் காட்டிவிட்டு, மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேலந்தாவளம் பஸ் ஏறிப் போனார்.